சுமப்பவளின் முதுகு

வீட்டில் ஒரு முதியவர் படுக்கையில் விழுந்துவிட்டால் உறவினர்கள் பார்க்க வருவது, நம்மிடையே இன்னும் அற்றுப்போகாத நல்ல சம்பிரதாயம். வருகிறவர்கள் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வந்து, கட்டிலருகே போட்ட நாற்காலியில் அமர்ந்து, சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, ரத்தக்கொதிப்பு மட்டுப்பட்டதா, எந்த டாக்டரிடம் காட்டுகிறீர்கள், ராத்திரி தூக்கம் வருகிறதா என்றெல்லாம் உண்மையான கரிசனத்தோடு விசாரிப்பார்கள். அவ்வேளையில் இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் காப்பித் தம்ளருமாக அடுக்களையிலிருந்து வெளிப்படுகிற அவ்வீட்டு மருமகளைப் பார்த்து, 'நீ எப்படியம்மா இருக்கிறாய்?' என்று கேட்பவர் அபூர்வம். அப்படி யாரேனும் கேட்டு, 'எனக்கென்ன, இந்த முதுகுதான் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது' என்று அவள் தொடங்கினாலும், 'எனக்கும்தான் ஆறு மாதமாக' என்று கேட்டவரே தம் முதுகின் சரித்திரத்தை விஸ்தரிக்க ஆரம்பித்துவிடுவார்.

முதுகுவலிக்கு நம் ஜனங்களிடையே ஒரு கௌரவமும் கிடையாது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் சாட்சி சொல்லும். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு சாட்சி சொல்லும். முதுகுவலிக்கோ வலிக்கிறவளின் வாய்ச்சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்த வாய்ச்சொல்லுக்கு வீட்டில் எவ்வளவு மதிப்பு என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஆனால் உலகெங்கும் மனிதர்களைச் செயலற்றுப்போகச் செய்யும் காரணங்களுள் முதலிடத்தில் நிற்பது இந்தக் கௌரவமற்ற வியாதிதான். 2020ஆம் ஆண்டில் ஏறக்குறைய 61 கோடியே 90 லட்சம் பேர் கீழ்முதுகு வலியால் அவதியுற்றார்கள் என்றும், 2050க்குள் இத்தொகை 84 கோடியைத் தாண்டக்கூடும் என்றும் உலக நோய்ச்சுமையைக் கணிப்பவர்கள் கூறுகிறார்கள்; அவதியுறுபவர்களில் ஆண்களைக் காட்டிலும் பெண்களே அதிகம். இந்தப் பெருந்தொகையில், ஒரு கையில் சிறு குழந்தையையும் மறு கையில் நடமாட்டமற்ற முதியவரையும் தாங்கி நிற்கிற பெண்ணின் முதுகைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதும், அதை அவளுடைய சொந்த உபாதை என்று தள்ளிவிடாமல் ராஜாங்கம் தன் வைத்தியக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் என்னுடைய கட்சி.

இந்த இரட்டைப் பாரம் எக்காலத்தும் இருந்துவந்ததுதானே என்று சிலர் நினைக்கலாம். எக்காலத்தும் இருந்ததில்லை. முன்னாளில் மருமகள் முதற்பிள்ளை பெறும்போது மாமியாருக்கு 40 அல்லது 45 வயதிருக்கும். அவள் பேரப்பிள்ளையைக் குளிப்பாட்டுகிற கட்டத்தில் இருந்தாளே ஒழிய, தன்னை ஒருவர் குளிப்பாட்ட வேண்டிய கட்டத்தை எட்டவில்லை. எட்டியபோது பேரப்பிள்ளைகள் தோளுக்கு மேல் வளர்ந்து, பாட்டியைத் தாங்கிப் பிடித்து நடத்திச் செல்லும் வயதில் இருந்தார்கள். இப்போது கல்வியும் உத்தியோகமும் காரணமாக விவாகம் தள்ளிப்போகிறது. பிள்ளைப்பேறு அதற்கப்பால் தள்ளிப்போகிறது. மறுபுறம் ஆயுள் நீள்கிறது. ஆகவே மழலையும் முதுமையும் ஒரே கூரையின்கீழ் ஒரே சமயத்தில் கைநீட்டுகின்றன. தமிழ்நாட்டின் ஜனத்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2021இல் 13.6 சதவீதம் என்று மத்திய அரசின் கணிப்பு சொல்கிறது; 2031இல் அது 18.2 சதவீதமாகும். பெரிய மாநிலங்களில் கேரளத்தைத் தவிர வேறு எதுவும் இவ்விஷயத்தில் நம்மை முந்தவில்லை. ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8 என்று 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு கண்டது. ஆறு மக்களும் ஆறு மருமக்களும் முறைவைத்துச் செய்த சிசுருஷை, இன்று ஒரு வீட்டில், ஒரு ஜோடிக் கைகளில் வந்து நிற்கிறது.

அந்தக் கைகள் ஒரு நாளில் என்ன செய்கின்றன என்று பார்ப்போம். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன மாமியார், எல்.கே.ஜி. போகும் மூத்த குழந்தை. இரண்டாவதற்கு வயது 2. நம் நகரங்களிலும் சிற்றூர்களிலும் காணக்கூடிய மிகச் சாதாரணமான குடும்பம் இது. பெரியவளை விடியற்காலையில் எழுப்பி உட்காரவைத்து, கட்டிலிலிருந்து இறக்கி, இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாத கழிப்பறைக் கதவு வழியாக அணைத்துக் கூட்டிச் சென்று, தரையோடு தரையாக இருக்கும் பீங்கானில் உட்காரவைத்து மறுபடி எழுப்ப வேண்டும். அது இயலாதென்றால் படுக்கையிலேயே புரட்டித் துடைத்து, துணியையும் விரிப்பையும் மாற்ற வேண்டும். நனைந்த போர்வையை வாளியில் அலசிப் பிழிவதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பது பிழிந்தவர்களுக்கே தெரியும். அதற்குள் சின்னது விழித்துக்கொண்டு தரையிலிருந்து கைநீட்டி அழும். அதன் நிறை ஏறக்குறைய 12 கிலோ. நாள் முழுவதும் அதை எத்தனை முறை தூக்கி எத்தனை முறை இறக்கினாள் என்பதற்குக் கணக்கில்லை. குழாயில் தண்ணீர் விடும் நேரத்திற்குக் குடம் தூக்க வேண்டும். சமையல் எரிவாயு தீர்ந்தால், எரிவாயு மட்டுமே 14.2 கிலோவும் இரும்போடு சேர்ந்தால் அதைப்போல் இரண்டு மடங்கும் கனக்கிற சிலிண்டரைச் சரித்து உருட்டிக்கொண்டு போக வேண்டும். இரவிலாவது படுக்கலாம் என்றால், படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்படி ஆஸ்பத்திரியில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள்.

இவ்வளவும் குனிந்தபடியே செய்கிற வேலைகள் என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். ஸ்வீடன் தேசத்து எலும்பு வைத்தியர் ஆல்ஃப் நாக்கெம்சன், 1960களில், உயிருள்ள மனிதர்களின் முதுகெலும்புகளுக்கிடையே இருக்கும் மெத்தை போன்ற வட்டுக்குள் நுண்ணிய ஊசியைச் செலுத்தி அங்குள்ள அழுத்தத்தை அளந்து பார்த்தார். நிமிர்ந்து நிற்கையில் இருக்கிற அழுத்தம் முன்னால் குனிந்தவுடன் ஏறுகிறது என்பதையும், குனிந்த நிலையில் ஒரு பாரத்தையும் ஏந்தினால் அது இருமடங்கையும் கடந்துவிடுகிறது என்பதையும் அவர் கண்டார். அதன்பின் வந்த ஆராய்ச்சியாளர்கள் சில அளவுகளைத் திருத்தினார்களேயன்றி, குனிந்து தூக்குவதே முதுகின்மீது சுமத்தும் பெரும்பாரம் என்ற உண்மையை மாற்றவில்லை. தாழ்ந்த கட்டிலும், தரையில் விரித்த பாயும், தரைமட்டத்துக் கழிப்பறையும், தரையில் தவழும் குழந்தையும் உள்ள நம் வீடு, சாஸ்திரத்தின் கண்கொண்டு பார்த்தால், முதுகைச் சோதிப்பதற்கென்றே அமைத்த சாலைபோல் இருக்கிறது.

ஆனால் அவளையே கேட்டுப்பாருங்கள். வேறொரு காரணம் சொல்வாள். 'பிரசவத்தின்போது முதுகில் ஊசி போட்டார்களே, அன்றிலிருந்துதான்' என்பாள். தமிழ்நாட்டில் பிரசவங்களில் 44.9 சதவீதம் அறுவையின் மூலமே நிகழ்வதாக அதே குடும்பநலக் கணக்கெடுப்பு கூறுகிறது. ஆகையால் இந்த நம்பிக்கை எவ்வளவு வீடுகளில் வேரூன்றியிருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கக்கூடும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலிக்கு அந்த ஊசி காரணமன்று என்பதே வைத்தியர்களின் முடிவு. கர்ப்பகாலத்தில் மூட்டுத் தசைநார்கள் இளகுகின்றன. வயிற்றுத் தசைகள் விரிந்து பலம் குன்றுகின்றன. அவை தேறுவதற்கு முன்பே, குழந்தையைத் தூக்குவது, பால்கொடுக்கக் கூனி உட்காருவது, மற்ற வேலைகளையெல்லாம் பழையபடி மேற்கொள்வது என்று எல்லாம் தொடங்கிவிடுகின்றன. ஊசியின்மீது பழிபோடுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்: அது என்றோ முடிந்துபோன காரியம், அதற்காக இன்று வீட்டில் எவரும் தம் நடத்தையை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

வலி பொறுக்காமல் ஒரு நாள் டாக்டரிடம் போகிறாள். 'ரெஸ்ட் எடுங்கள், குனியாதீர்கள், கனம் தூக்காதீர்கள்' என்று மூன்று உபதேசங்களும், ஒரு மாத்திரைச் சீட்டும், இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பெல்ட்டும் கிடைக்கின்றன. மூன்று உபதேசங்களில் ஒன்றையாவது அனுசரிக்க அவளால் முடியுமா என்ற கேள்வி அங்கே எழுவதேயில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த உபதேசங்களில் முதலாவதை வைத்திய சாஸ்திரமே கைவிட்டு நெடுங்காலமாகிறது. திடீரென வரும் முதுகுவலிக்கு ஏழு நாள் படுத்திருந்தவர்களைவிட இரண்டே நாள் படுத்திருந்தவர்கள் எவ்விதத்திலும் தாழ்ந்துபோகவில்லை, சீக்கிரமாக வேலைக்கும் திரும்பினார்கள் என்று அமெரிக்க வைத்தியர் ரிச்சர்ட் டேயோவும் அவருடைய சகாக்களும் 1986இல் நிரூபித்தார்கள். நாட்பட்ட கீழ்முதுகு வலியைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், முறையான தேகப்பயிற்சியையும், வலியின் தன்மையை நோயாளிக்குப் புரியவைப்பதையும் பரிந்துரைக்கிறது. இடுப்புப் பெல்ட்டையும், முதுகை இழுத்துவைக்கும் சிகிச்சையையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாமென்கிறது. பெல்ட்டோ நம் வீடுகளில் கதவின் பின்புறத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தேகப்பயிற்சி செய்வதற்கு ஒரு பாயும், யாரும் கூப்பிடாத அரை மணி நேரமும் வேண்டும். பாயை விரித்து அவள் குப்புறப் படுத்த மாத்திரத்தில், யானை ஏறும் ஆசையோடு சின்னது முதுகின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பத்தில் ஒன்பது பேருக்கு வரும் முதுகுவலி இவ்வாறு குறிப்பான ஒரு நோயைச் சார்ந்திராத வலிதான், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கால் மரத்துப் பலமிழப்பது, சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றிப் போவது, காய்ச்சலோ காரணமற்ற மெலிவோ சேர்ந்து வருவது ஆகிய குறிகள் தென்பட்டால், தைலத்தையும் ஒத்தடத்தையும் நம்பி ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. 'எல்லாருக்கும் இருப்பதுதான்' என்று சகித்துப் பழகியவள் இந்தக் குறிகளையும் சகித்துக்கொண்டுவிடுவாள் என்பதே எனக்குள்ள அச்சம்.

தொழிற்கூடங்களில் ஒரு மனிதன் எவ்வளவு கனம் தூக்கலாம் என்பதற்குச் சட்டமும் விதியும் உண்டு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி ஸ்தாபனம் வகுத்த கணக்கின்படி, எல்லாச் சூழ்நிலைகளும் அனுகூலமாக இருந்தால்கூடத் தூக்கத்தக்க உச்ச நிறை 23 கிலோ. நோயாளியைத் தூக்குவதற்கு இந்த அளவே அதிகம். ஏனென்றால் பெட்டிக்குப் பிடி உண்டு, மனிதனுக்குப் பிடி இல்லை. பெட்டி நடுவில் திமிறுவதுமில்லை, பயந்து கழுத்தைக் கட்டிக்கொள்வதுமில்லை. ஆகவே கையால் நோயாளியைத் தாங்குவதற்கு ஏறக்குறைய 16 கிலோதான் எல்லை, அதற்குமேல் கருவியின் உதவி அவசியம் என்று அந்த ஸ்தாபனத்து ஆராய்ச்சியாளர் 2007இல் எழுதினார். பயிற்சிபெற்ற தாதியருக்குச் சொன்ன எல்லை இது. பயிற்சியே பெறாத நம் மருமகள் 55 கிலோ, 60 கிலோ எடையுள்ள சரீரத்தைத் தன்னந்தனியாகக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுகிறாள். ஆலையில் இது நடந்தால் இன்ஸ்பெக்டர் வருவார். வீட்டில் நடந்தால் தியாகம் என்று பெயர்.

தியாகம் என்ற சொல்லை நாம் மிகத் தாராளமாக வழங்குகிறோம்; அதற்குச் செலவில்லை. மத்திய அரசு 2024ஆம் ஆண்டில் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிஷம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிஷம். 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதத்தினர் வீட்டிலுள்ளோரைப் பராமரிப்பதில் ஈடுபட்டு நாளுக்குச் சுமார் 140 நிமிஷம் தருகிறார்கள். ஆண்களில் அப்பணியில் ஈடுபடுவோரே 21.4 சதவீதம், அவர்கள் தருவது 74 நிமிஷம். இவ்வுழைப்புக்கு ஒரு விலை உண்டா என்று நம் நீதிமன்றங்கள் யோசித்திருக்கின்றன. யோசித்ததெல்லாம் பெரும்பாலும் அவள் விபத்தில் மாண்ட பிறகு, நஷ்டஈட்டு வழக்கில். ஜாம்ஷெட்பூரில் 1989இல் நிகழ்ந்த தீவிபத்தைப் பற்றிய வழக்கில், 2001இல் உச்ச நீதிமன்றம் இல்லத்தரசியின் சேவைக்கு மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது. பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் இல்லத்தரசிகளைச் சேர்த்து வேலையற்றோர் பட்டியலில் ஜனத்தொகைக் கணக்கு வைத்திருப்பதை 2010இல் அதே நீதிமன்றம் கண்டித்தது. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி 2023 ஜூனில் அளித்த தீர்ப்பில், விடுமுறையின்றி இல்லத்தைக் காத்த மனைவிக்குக் கணவனின் வருவாயில் வாங்கிய சொத்தில் சமபங்கு உண்டென்று கூறினார். உயிரோடிருப்பவளின் உழைப்பைக் கணக்கில் எடுத்தது என்ற வகையில் இத்தீர்ப்பு என் மனத்துக்கு உகந்தது.

சட்டத்திலேயே இன்னொரு விசித்திரம் இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் நிறைவேறியது. கைவிடப்பட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தில் முறையிட்டு, மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் பெற அது வழிசெய்கிறது. அதில் 'பிள்ளைகள்' என்று குறிக்கப்படுவோர் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரே. மருமகள் அந்த விளக்கத்தில் இல்லை. அதாவது, கடமை மகனுடையது என்று சட்டம் சொல்கிறது. வேலை மருமகளுடையது என்று வீடு சொல்கிறது. மகன் தன் கடமையைப் பணமாகச் செலுத்திவிட்டு, அந்தப் பணத்தால் வாங்க முடியாத பகுதியை, அதாவது தூக்குவதையும் துடைப்பதையும் இரவில் விழிப்பதையும், மனைவியின் உடம்பின்மேல் எழுதிவைத்துவிடுகிறான். அவளுடைய சொந்தத் தாயார் வேறூரில் தனியே இடறி விழுந்து கிடந்தால், அங்கே போய் நாலு நாள் தங்கிவருவதற்கு அவள் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

ஆண்கள் செய்யத் தகாத வேலை இது என்று சொல்பவர்களுக்குத் திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையை நினைவூட்ட விரும்புகிறேன். அங்கே எழுந்தருளியிருக்கும் ஈசனுக்குத் தாயுமானவர் என்ற திருநாமம் எப்படி வந்தது? காவிரியில் வெள்ளம் கரைபுரண்டதால் தாய் வந்து சேர முடியாத வேளையில், பிரசவ வேதனைப்பட்ட ரத்னாவதிக்கு அந்தத் தாயின் உருவத்திலேயே வந்து பேறு பார்த்தார் என்பது ஸ்தல புராணம். மகாதேவருக்கு இழுக்கென்று தோன்றாத ஊழியம், மாதச் சம்பளக்காரருக்கு இழுக்கென்று தோன்றுவது ஆச்சரியந்தான். தாயாருக்கு மகன் குளிப்பாட்டினால் கூச்சமாயிருக்குமே என்பார்கள். நியாயமான ஆட்சேபம், அந்த மூதாட்டியின் மானம் காக்கப்பட வேண்டியதே. அப்படியானால் குளிப்பாட்டுவதை விட்டுவிட்டு, கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைக்கட்டும், போர்வையை அலசட்டும், இரவு பன்னிரண்டு மணிக்கும் இரண்டு மணிக்கும் புரட்டிவிடுவதைத் தன் முறையாக வைத்துக்கொள்ளட்டும். இவற்றில் எதற்கும் கூச்சம் தடையாகாது.

கூட்டுக்குடும்பம் இருந்தபோது இத்தொல்லை இருந்ததில்லை என்று பெருமூச்சு விடுவோரும் உண்டு. கைகள் அதிகம் இருந்தன என்பது மெய். ஆனால் அந்தக் கைகளில் பல, இளமையிலேயே விதவையாகி, போக்கிடமில்லாமல் அண்ணன் வீட்டுச் சமையற்கட்டில் ஆயுளைக் கழித்த அத்தைமார்களுடைய கைகள் என்பதை அவர்கள் மறந்துபோகிறார்கள். அந்த ஏற்பாடு திரும்பி வரவும் வேண்டாம். இன்று அத்தைமார்களின் ஸ்தானத்தில் ஏஜென்சி மூலம் அமர்த்தும் பெண்கள் வருகிறார்கள். வசதியுள்ள வீடுகளுக்கு அது நிவாரணம். தன் குழந்தையையும் தன் மாமியாரையும் வேறு யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வருகிற அந்தப் பெண்ணுக்கும் ஒரு முதுகு இருக்கிறது.

ஜப்பானியர்கள் இவ்விஷயத்தில் நமக்கு முன்னால் அடிபட்டவர்கள். அங்கும் மூத்த மகனின் மனைவிதான் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது எழுதாத சட்டமாக இருந்தது. 2000 ஏப்ரலில் அந்நாடு நீண்டகாலப் பராமரிப்புக்கென்று ஓர் இன்ஷூரன்ஸ் திட்டத்தைத் தொடங்கியது. 40 வயதைத் தாண்டியோர் பிரீமியம் கட்டுகிறார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு ரொக்கமாக உதவித்தொகை தரலாமா என்ற விவாதம் எழுந்தபோது, ஹிகுச்சி கெய்கோ முதலிய பெண் தலைவர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். பணத்தைக் கையில் கொடுத்தால், 'அதுதான் பணம் தருகிறார்களே' என்று மருமகளை இன்னும் இறுக்கமாகக் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்பது அவர்களுடைய வாதம். அவ்வாதமே வென்றது, பணத்துக்குப் பதிலாக ஆள் வருகிறது, பகல்நேர விடுதி வருகிறது, குளிப்பாட்டும் வண்டி வருகிறது. கேரளம் வேறு வழியில் சென்று, படுத்த படுக்கையானவரைக் கவனிப்போருக்கு ஆஸ்வாசகிரணம் என்ற திட்டத்தின்கீழ் மாதம் 600 ரூபாய் என்று வகுத்தது. நல்லெண்ணம்தான், ஆனால் 600 ரூபாய் எவரையும் தூக்காது. நம்மிடம் 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 ரூபாய் தருகிறது. அது இருக்கட்டும், அதனுடன் கைகளும் வரட்டும் என்பதே என் கோரிக்கை.

கைகளை வீட்டுக்கு அனுப்பத் தெரியாத ராஜாங்கமன்று நம்முடையது. 2021 ஆகஸ்டு 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற திட்டத்தில், ரத்தக்கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீடு தேடி வருவதோடு, இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் படுக்கையில் இருப்போரைப் பார்க்க வருகிறார்கள். 2024இல் ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் இதற்குக் கிடைத்தது. பக்கவாத நோயாளியின் கையையும் காலையும் மடக்கி நீட்டுவதற்காக இயன்முறை மருத்துவர் அந்த அறைக்குள் வந்து நிற்கிறாரே, அப்போது மூன்றடி தூரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பவள்தான் அவருக்கு அடுத்த நோயாளி. அவளையும் கால் மணி நேரம் பார்த்தால் என்ன? முதுகைப் பரிசோதித்து, நோயாளியின் உடலுக்கடியில் ஒரு துப்பட்டியைக் குறுக்கே விரித்து இழுத்துப் புரட்டும் முறையையும், முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்துத் தூக்கும் முறையையும், கட்டிற்கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்திவிட்டால் பாதிக் குனிதல் ஒழியும் என்பதையும் கற்றுக்கொடுக்கலாம். கமோடு நாற்காலி, வாக்கர், கைப்பிடி வைத்த இடுப்புப் பட்டை ஆகியவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து இரவலாகத் தரலாம்; அவை ஒரு வீட்டில் சில காலந்தான் தேவைப்படும், பிறகு வேறு வீட்டுக்குப் போகும்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்காக 25 அன்புச்சோலை மையங்கள் அறிவிக்கப்பட்டன. பகலில் பெரியவர்கள் சென்று இருந்துவரக்கூடிய இத்தகைய இடங்களை அங்கன்வாடிக்குப் பக்கத்திலேயே அமைத்தால், ஒரே நடையில் குழந்தையையும் மாமனாரையும் விட்டுவர முடியும். அரை நாளாவது அவளுக்கு முதுகை நீட்டக் கிடைக்கும். நடக்க முடிந்தவர்களுக்கே இது பொருந்தும் என்பது உண்மை. படுத்துவிட்டவருக்கு, வாரத்தில் இரண்டு அரை நாளாவது பயிற்சிபெற்ற ஓர் ஆள் வீட்டுக்கு வந்து மாற்றிவிடும் ஏற்பாடு வேண்டும். மத்திய அரசுப் பெண் ஊழியர்களுக்குக் குழந்தைப் பராமரிப்புக்கென்று பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. பெற்றோர் பராமரிப்புக்கென்று அத்தகைய தனி விடுப்பு யாருக்கும் இல்லை. அது வரும்போது ஆணுக்கும் சேர்த்தே வர வேண்டும். பெண்ணுக்கு மாத்திரம் கொடுத்தால் ஜப்பானியப் பெண்கள் அஞ்சியது இங்கே நடந்துவிடும்.

இருக்கிற இயன்முறை மருத்துவர்கள் இருக்கிற நோயாளிகளுக்கே போதவில்லை, இன்னும் ஒரு பாரமா என்று இலாகா அதிகாரிகள் கேட்கக்கூடும். கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் அவள் ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டால், அந்த வீட்டில் நோயாளிகள் இரண்டாகிவிடுவார்கள். பெரியவளை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டிவரும். குழந்தைகள் அக்கம்பக்கத்தார் தயவில் நிற்கும். கால் மணி நேரத்தை மிச்சப்படுத்தி இவ்வளவையும் வாங்குவது சிக்கனமாகத் தோன்றவில்லை.

முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்யலாம். வீடு தேடி வருகிறவர்கள் கொண்டுவரும் பதிவேட்டில் நோயாளியின் விவரத்துக்குக் கீழே இன்னும் சில வரிகள் சேர்க்கட்டும்: இவரைத் தூக்குவது யார், அவருக்கு வலி எத்தனை நாளாக, கால் மரக்கிறதா, இரவில் தொடர்ந்து எத்தனை மணி நேரம் தூங்குகிறார், தூக்குவதற்கு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள். கடைசிக் கேள்விக்கு விடை எழுதும் சமயத்தில் சம்பந்தப்பட்டவரும் வீட்டில் இருப்பது நல்லது. ஆகவே முதல் முறை வருவதை மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு ஈடாக வேறொரு நாள் விடுமுறை கொடுத்துவிடலாம்.